பதினேழாவது கேள்விக்கு நீ வரைந்த பதில்

கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு சலூன் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தரம் அங்கே போய் என் தலைமயிரைக் கறுப்பாக்கிக்கொள்கிறேன். இந்த வயதில் யாரை ஏமாற்ற என்று நீ கேட்டிருப்பாய். அடையாள அட்டையில் இருக்கிற படத்தோடு முகம் ஒத்துப்போக வேண்டும் என்ற பழைய பயம்தான். சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள், பயத்தை எடுக்கச் சொல்லி எனக்கு இன்னும் உத்தரவு வரவில்லை.

போன வாரம் சலூன்காரர் சாயப் புட்டியைத் திறந்தார். அமோனியா மணம் மூக்கில் ஏறியது. அதே நேரம் முன்னால் கிடந்த பத்திரிகையைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "நம்மட ஊரிலருந்து நேரா திருச்சிக்கு பிளேன் விடப் போறாங்களாம் ஐயா. ஆரோ ஒரு கொம்பனி அரசாங்கத்துட்ட அனுமதி கேட்டிரிக்காம்."

மணமும் செய்தியும் ஒன்றாக வந்திருக்கக் கூடாது. என் கண்ணில் நீர் முட்டியது. சாயம் பட்டுவிட்டதென்று நினைத்து அவர் ஈரத் துணியால் துடைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. அரைத் தலை கறுப்பும் அரைத் தலை வெள்ளையுமாக இருக்கிற மனிதன் எதையும் விளங்கப்படுத்த முடியாது.

ஆகவே உனக்கு எழுதுகிறேன். மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார்கள். கொம்பனி வேறு, அமைச்சர் வேறு, காலமும் வேறு. படிவம் மட்டும் அதேதானா என்று எனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு அறிய வேண்டியதாக இருக்கிறது.

உன் வீட்டுப் பின் விறாந்தையில் அந்த மணம் எப்போதும் இருந்தது. வாய்க்கால்களும் மதகுகளும் வரைகிற அரச கந்தோரில் நீ படவரைஞன். மாலையில் ஊராருக்கு வீட்டுப் படம் வரைந்து கொடுப்பாய். படத்தை ரசாயனம் பூசிய தாளோடு சேர்த்துக் கண்ணாடிக்கடியில் வைத்து வெயிலில் காட்டுவாய். பிறகு அந்தத் தாளைச் சுருட்டி, தண்ணீர்க் குழாய் வாங்கும் கடையில் வாங்கிய ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்க்குள் இறக்குவாய். குழாயின் அடியில் ஒரு சிரட்டையளவு அமோனியா இருக்கும். இரண்டு பக்கமும் மூடிவிட்டு நீ மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். மூடியைத் திறந்தால் கோடுகள் நீலமாக எழுந்திருக்கும். ஊரில் பாதி வீடுகள் அந்தக் குழாய்க்குள் பிறந்தவைதான். பிறகு அவற்றில் எத்தனை நின்றன என்பது வேறு கதை.

நான் நகரத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தேன். இரண்டு தொலைபேசிக் கூண்டுகள், தொலைநகல் அனுப்ப ஒரு பக்ஸ் இயந்திரம், ஒரு தட்டச்சு, மேல்மாடியில் ஒரு மேசை. நான் ஊருக்கு விண்ணப்பம் எழுதுகிறவன். பயணப் பாஸுக்கு, நட்டஈட்டுக்கு, இடமாற்றத்துக்கு, காணாமல் போனவரைக் காட்டும்படி கேட்பதற்கு. எல்லாவற்றுக்கும் 'தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற ஒரே வசனம் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வருவாய். கூண்டுக்குள் போய்த் திருச்சிக்கு எடுப்பாய். அங்கே ஓர் அகதி முகாமுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் உன் மனைவியும் மகளும் காத்திருப்பார்கள். சண்டை பெருத்த வருடத்தில், தர்சினி பால்குடிப் பிள்ளையாக இருக்கும்போதே, மன்னார்ப் பக்கத்தால் வள்ளத்தில் போனவர்கள். நீ அரச உத்தியோகத்தன் என்பதால் பின்னால் வருவதாகச் சொல்லி நின்றாய். வெளிநாட்டு லீவுக்கு நீ போட்ட விண்ணப்பம் உன் கந்தோரிலிருந்து மேலே போனது. மேலேயே இருந்துவிட்டது. அதை எழுதியவனும் நான்தான்.

கூண்டுக் கண்ணாடிக்குள் உன்னைப் பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடத்தில் முதல் நிமிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்பாய். இரண்டாவது நிமிடம் அவள் சொல்வதைக் கேட்பாய். மூன்றாவது நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒருவரும் பேசமாட்டீர்கள். அந்த நிமிடத்தை நீ வீணாக்குகிறாய் என்று ஒருநாள் சொன்னேன். "அதுதான்டா நல்ல நிமிசம்" என்றாய்.

பிறகு சமாதானம் வந்தது. உடன்படிக்கை எழுதப்பட்டது, வீதிகள் திறக்கப்பட்டன, வெள்ளை வாகனங்களில் வெள்ளைக்காரர் வந்து வாவியைப் படம் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சேர்மன் வந்தார். அவரை நான் வேறெந்தப் பேராலும் கூப்பிட்டதில்லை. கொழும்பில் அவருக்கு மூன்று சொகுசு பஸ்களும், கடிதத் தலைப்பில் ஒரு விமானமும் இருந்தன. மட்டக்களப்பிலிருந்து திருச்சிக்குச் சிறிய விமானம் விடப்போவதாகவும், அரசாங்கத்தின் அனுமதி ஒன்றுதான் பாக்கி என்றும் சொன்னார். விமானமும் பாக்கி என்பது பிறகுதான் தெரிந்தது. என் கடையின் மேல்மாடி மேசை அவருடைய கொம்பனியின் கிழக்குப் பிராந்தியக் கிளையாயிற்று. நான் கிளை முகாமையாளர்.

நீ அன்று கூண்டிலிருந்து வெளியே வந்து, மேசையில் கிடந்த கடிதத் தலைப்பைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாய். மறுநாள் பாடசாலைத் தேசப்படப் புத்தகத்தோடும் கவராயத்தோடும் வந்தாய். மட்டக்களப்பில் ஒரு முனை, திருச்சியில் ஒரு முனை. அளவுத்திட்டத்தில் வைத்துப் பார்த்து, சேர்மன் சொன்ன வேகத்தால் பிரித்து, தாளின் ஓரத்தில் எழுதினாய்: ஒரு மணி இருபது நிமிடம்.

அந்தக் காலத்தில் உனக்குக் கொழும்புக்குப் போகவே ஒரு பகல் முழுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அதைத் தர்சினிக்குச் சொன்னாய். அதற்கடுத்த ஞாயிறு அவள் உனக்குச் சொன்னாள். மணிக்கூட்டை முன்னால் வைத்து ஒரு மணி இருபது நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்து பார்த்தாளாம். "அவ்வளவுதானா அப்பா?" என்று கேட்டாளாம். அதை என்னிடம் சொல்லும்போது நீ கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர்களிடம் பாஸ்போட் இல்லை என்பதை நாங்கள் இருவரும் பேசவில்லை. முதலில் வழி வரட்டும் என்று நினைத்தோம்.

படிவம் வந்தது. சர்வதேச விமான சேவைக்கான விண்ணப்பத்தில் கொம்பனியின் வதிவிடத்தைக் கிராம அதிகாரியான விதானையார் உறுதிப்படுத்த வேண்டும் என்று இருந்தது. விதானையார் என் கடையைச் சுற்றிப் பார்த்து, இந்தப் பிரிவில் ஆகாய விமானக் கொம்பனி ஒன்று நன்னடத்தையுடன் வசித்து வருகிறது என்று முத்திரை குத்தித் தந்தார். அப்படி முப்பத்துச் சொச்சம் கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு நான் 'தயவுடன்' பதில் எழுதினேன்.

பதினேழாவது கேள்வி உனக்கானது. ஓடுபாதையைச் சுற்றியுள்ள உயரமான தடைகள் அனைத்தையும் அளவுத்திட்டப்படி வரைந்து காட்டுக. ஒவ்வொன்றின் உயரம் என்ன, அது நிரந்தரமானதா தற்காலிகமானதா என்று குறிப்பிடுக. தகுதிபெற்ற படவரைஞர் கையொப்பமிடுக.

நீ அதை ஒரு பரீட்சை வினாவைப் போல எடுத்துக்கொண்டாய். கோயில் கோபுரம், தேவாலயத்தின் மணிக்கூண்டு, தண்ணீர்த் தாங்கி, தென்னந்தோப்புகள். பாடசாலைப் பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஈயக் குண்டு தொங்கவிட்டு, பாலத்தில் நின்று கண்ணை இடுக்கி உயரம் பார்த்தாய். அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டான். பிளேன் வரப்போகுது என்று உனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாய். அவனுக்கும் அது பிடித்திருந்தது. தனக்கு ஊருக்குப் போக ஒன்று விடமாட்டார்களா என்று கேட்டு, அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இராணுவ முகாமின் காவற்கோபுரத்தின் உயரத்தையும் அவனே சொன்னான். தினமும் ஏறி இறங்குகிறவன், படிகளை எண்ணி வைத்திருந்தான்.

அப்போதும் நான் கேட்டேன், காவற்கோபுரத்தைப் படத்தில் போடத்தான் வேண்டுமா என்று. "கேட்டிரிக்காங்க மச்சான். கேட்டா உள்ளதச் சொல்லோணும்" என்றாய். நிரந்தரமா தற்காலிகமா என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துத் தற்காலிகம் என்று எழுதினாய். சமாதான காலம் அல்லவா. அதிகாரிகளும் அதை ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

விமானம் கிழக்கே எழுவான்கரையிலிருந்து கிளம்பினாலும் வாவிக்கு மேலால் மேற்கே படுவான்கரையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கரை அப்போது இயக்கத்தின் பக்கம். வானம் யாருடையது என்று உடன்படிக்கையில் தெளிவில்லை. சேர்மன் ஒரு முன்னெச்சரிக்கையாக அவர்களையும் கேட்டுவிடும்படி பக்ஸ் அனுப்பினார். நாம் இருவரும் துறையில் மிதவை ஏறி அக்கரைக்குப் போனோம். ஓலைக் கொட்டிலில் மேசை போட்டிருந்த பொறுப்பாளர் உன் படத்தை விரித்து வைத்துப் பார்த்தார். எவ்வளவு உயரத்தில் போகும் என்று கேட்டார். சொன்னாய். "அவ்வளவு மேல எண்டா எங்களுக்குப் பிரச்சினையில்ல" என்று சொல்லி, மேசை இலாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை நீட்டினார். அவர்களிடமும் படிவம் இருந்தது. நீ அதையும் அதே மையால் நிரப்பினாய். திரும்பி வரும்போது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கேள்விதான் கேட்கிறார்கள், இவர்கள் ஏன் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேட்டாய். நான் மிகவும் ரசித்துச் சிரித்தேன். நீ கேள்வியாகத்தான் கேட்டிருந்தாய்.

விண்ணப்பம் போயிற்று. அதன் பிறகு அமைச்சில் அது எந்த மேசையில் இருந்தது, எந்த மேசைக்குப் போனது என்று எங்களுக்கு மாதம் ஒரு முறை தகவல் வரும். ஒரு பிரிவு ஆட்சேபனை இல்லை என்றது. இன்னொரு பிரிவு, ஆட்சேபனை இல்லை என்று சொல்ல முதற்பிரிவுக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டது. நடுவில் கடல் வந்தது. கல்லடியிலும் ஊர் முழுவதிலும் நாம் பிணம் தூக்கினோம். அமைச்சரும் மாறினார். புதியவர் எல்லாக் கோப்புகளையும் தொடக்கத்திலிருந்து பார்க்க விரும்பினார். பிறகு சமாதானம் மெல்லத் தேய்ந்தது. வெள்ளை வாகனங்கள் குறைந்தன. ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிற வேறு விதமான வெள்ளை வாகனங்கள் கூடின. மிதவை நின்றது. ஷெல் திரும்பவும் படுவான்கரைப் பக்கம் போகத் தொடங்கிற்று. இங்கிருந்து கிளம்பி அக்கரையில் இறங்கிய ஒரே சேவை அதுதான். அதற்கு யாரும் விண்ணப்பித்ததாக நினைவில்லை.

சனங்கள் வந்து பாடசாலைகளில் தங்கினார்கள். அந்த நேரம் பார்த்து என் பக்ஸ் இயந்திரம் ஒருநாள் மத்தியானம் முனகியது. அமைச்சின் கடிதம். கொழும்பிலிருந்து சேர்மன் அனுப்பியிருந்தார். விண்ணப்பம் பரிசீலனையின் இறுதிக் கட்டத்தில் இருப்பதாகவும், பதினேழாவது கேள்விக்கான வரைபடம் பழையதாகிவிட்டதாகவும், இன்றைய நிலையைக் காட்டும் புதிய வரைபடத்தைத் தயாரித்தவரே ஆறு வாரத்துக்குள் நேரில் கொண்டுவந்து தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கீழே சேர்மன் கையால் எழுதியிருந்தார்: இதுதான் கடைசிப் படி.

சமாதானத்தில் கொடுத்த விண்ணப்பத்துக்கு யுத்தத்தில் பதில் வந்தது. இந்த நாட்டில் அது பெரிய தாமதம் அல்ல.

நான் அந்தக் கடிதத்தை உனக்குக் காட்டாமல் விட்டிருக்கலாம். இதை எழுதும்போது என் கை அந்த இடத்தில்தான் நிற்கிறது. பக்ஸ் தாளைச் சுருட்டி இலாச்சியில் போட்டிருந்தால், ஆறு வாரம் கழிந்திருக்கும், நீ ஞாயிற்றுக்கிழமை வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டிருப்பாய். ஆனால் நான் கிளை முகாமையாளர். அதைவிட, அந்தக் கடிதம் எனக்கு நல்ல பகிடியாகத் தெரிந்தது. உனக்கு வாசித்துக் காட்ட ஆசைப்பட்டேன்.

இந்த முறை பாலத்தில் பாகைமானியோடு நிற்க முடியாது. அளவுநாடாவின் முனை பிடிக்க ஆளும் இல்லை. நீ என் மேல்மாடி ஜன்னலோரம் வந்திருந்தாய். வாவியோரம் முகாமின் பழைய மரக் கோபுரம் இருந்த இடத்தில் சீமெந்துக் கல்லால் புதியது எழுந்திருந்தது. நீ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கல் வரிசைகளை எண்ணினாய். ஐம்பத்தேழு. ஒரு கல் எட்டு அங்குலம். முப்பத்தெட்டு அடி. ஒரு சிகரெட் பெட்டியின் உட்தாளில் குறித்துக்கொண்டு, பிறகு பென்சிலைக் கீழே வைத்தாய்.

"மச்சான், கோபுரத்த விட்டிட்டு வரைவமா? காலம் சரியில்ல."

ஐந்து வருடத்தில் நீ கேட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி அது. நான் அப்போது வேறொருவருக்கு நட்டஈட்டு விண்ணப்பம் தட்டச்சில் அடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை.

"விடு. முதல் பிளேன் அதில போய் முட்டட்டும். உன்ர மகளும் அதிலதான் வருவாள்."

நீ சிகரெட் பெட்டித் தாளைத் திருப்பிப் பார்த்தாய். பிறகு கேட்டாய்: "பகிடிக்குச் சொல்றியா?"

"நான் எப்ப பகிடி விட்டிரிக்கன்?"

முகத்தை மாற்றாமல் பகிடி சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஊரில் நாலு பேர் அதை மெச்சியும் இருந்தார்கள். நீ பென்சிலை எடுத்தாய். மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் உனக்கு அது பகிடி என்று விளங்கியிருக்கும். தர்சினி வருகிற விமானம் என்றதும் உனக்கு விமானமும் கோபுரமும் மட்டும்தான் தெரிந்தன. முப்பத்தெட்டு அடி என்று எழுதினாய். நிரந்தரமா தற்காலிகமா என்ற இடத்தில் இந்த முறை யோசிக்கவில்லை. நிரந்தரம் என்று எழுதினாய்.

இரண்டு நீலப் பிரதிகள் எடுத்தாய். ஒன்றைக் கிளைக் காரியாலயக் கோப்புக்கென்று எனக்குத் தந்தாய். மற்றதைச் சுருட்டினாய். மடித்தால் கோடு பிழைக்கும் என்று நீ எந்தப் படத்தையும் மடித்ததில்லை. அதைக் கொண்டுபோக உன்னிடம் இருந்தது ஒரே ஒரு குழாய்தான். கழுவினாய்தான். ஆனாலும் பத்து வருட அமோனியா ஒரு கழுவலில் போகாது.

காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கடிதத்தின் மூலப் பிரதியைச் சேர்மன் தபாலில் அனுப்பியிருந்தார். அதை நீ சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாய். பக்ஸ் பிரதி என்னிடம். ஜன்னலால் கையை நீட்டி, ஞாயிறு வராவிட்டால் தர்சினிக்கு நீயே எடுத்துச் சொல் என்றாய். என்ன சொல்ல என்று கேட்டேன். "கடைசிப் படி எண்டு சொல்லு."

மிச்சத்தை எனக்குச் சொன்னவர் அந்த பஸ்ஸின் கொண்டக்டர். மூன்றாவது சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பொதிகளை வரிசையாக வைக்கச் சொன்னார்களாம். வெடிமருந்து மணந்தால் குந்தும்படி பழக்கிய நாயைக் கொண்டுவந்தார்களாம். "அந்தக் குழாய்க்குக் கிட்ட வந்த உடன நாய் குந்திட்டு சேர்" என்றார் கொண்டக்டர். "குந்தினா எழும்பாது. எல்லாரையும் அங்கால ஓடச் சொன்னானுகள்." யாரோ ஒருவன் தூரத்திலிருந்து கயிறு கட்டிக் குழாயின் மூடியை இழுத்திருக்கிறான். மணம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. குண்டு இல்லை என்றதும் எல்லோருக்கும் மூச்சு வந்ததாம். ஒரு சிப்பாய் சிரித்தானாம். நீயும் சிரித்தாய் என்று கொண்டக்டர் சொன்னார். அதை நம்புவதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிறகு படத்தை விரித்தார்கள்.

நீ சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்தவன் சிங்களம் தெரிந்தவன். விளங்கப்படுத்திய நீ தமிழ். நாட்டின் மூன்று மொழிகளும் ஒரே இடத்தில் கூடிய அபூர்வமான சந்தர்ப்பம். அரசாங்கம்தான் கேட்டது, கேட்டதற்குத்தான் வரைந்தேன் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாயாம். மற்றவர்களை ஏறச் சொன்னார்கள். உன்னை நிற்கச் சொன்னார்கள். பஸ் புறப்பட்டபோது நீ மதகுக் கட்டில் இருந்தாயாம், கையில் வெறும் குழாயோடு. கொண்டக்டர் உன் சாப்பாட்டுப் பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்.

அந்தப் பார்சலைக் கையில் வாங்கிய அன்று மாலை நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. கடைக் கதவைச் சாத்தினேன். உன் இரண்டாவது பிரதியை எடுத்தேன். அது எரிவதற்கு நேரம் பிடித்தது. நீ நல்ல தாள்தான் வாங்குவாய். சிகரெட் பெட்டித் தாளையும் போட்டேன். கிளைக் காரியாலயத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றினேன். காலையில் உன்னைத் தேடப் போனேன்.

நான் போன இடங்களில் எல்லாம் உன்னைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. அந்த வரைபடத்தைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் என்ன விதமான நண்பன் என்றும் கேட்டார்கள். சேர்மனுக்கு எடுத்தேன். அவர் அப்படியொரு படவரைஞரைத் தமது கொம்பனி நியமித்ததில்லை என்றார். அது உண்மைதான், நாங்கள் நியமனக் கடிதம் கேட்கவில்லை. அமைச்சுக்கு எழுதினேன். உங்களுடைய பதினேழாவது கேள்விக்குப் பதில் கொண்டுவந்தவர் இடையில் நிறுத்தப்பட்டிருக்கிறார், நீங்கள்தான் கேட்டீர்கள் என்று ஒரு வரி தந்தால் போதும் என்று தயவுடன் கேட்டுக்கொண்டேன். நாலு மாதத்தில் பதில் வந்தது. குறித்த காலத்துக்குள் வரைபடம் கிடைக்காதபடியால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது என்று. உன் கந்தோரிலிருந்தும் உன் வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்து கிடந்தது. அறிவிக்காமல் வேலைக்கு வராத காரணத்தால் நீ பதவியை விட்டு விலகியதாகக் கருதப்படுகிறாய். அந்த வருடம் எல்லோரும் எல்லாவற்றையும் கருதிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஞாயிறு திருச்சிக்கு நான்தான் எடுத்தேன். நீ சொன்னதைச் சொன்னேன். கடைசிப் படி என்றேன். தர்சினி சந்தோசப்பட்டாள். அடுத்த ஞாயிறுதான் மிச்சத்தைச் சொன்னேன். மூன்று நிமிடமும் இரண்டு பக்கமும் ஒருவரும் பேசவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஆணைக்குழுக்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் போனேன். அமைச்சு கேட்டதற்கு அத்தாட்சி உண்டா என்று ஓர் அம்மையார் மிகவும் மரியாதையாகக் கேட்டார். உறையிலிருந்து பக்ஸ் பிரதியை எடுத்தேன். உனக்குத் தெரியும், அந்தப் பளபளப்பான பக்ஸ் தாளில் எழுத்து நிற்காது. வெக்கையில் மங்கி மங்கிப் போய்விடும். என் இலாச்சியில் அந்த வருடங்களில் நல்ல வெக்கை. அம்மையார் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதில ஒண்டும் இல்லையே ஐயா" என்றார். ஓம் என்றேன். நல்ல முறையில் இணைப்பு ஒன்று என்று இலக்கமிட்டு, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு எனக்கே திருப்பித் தந்தார். வெற்றுத் தாளுக்குப் போட்டோப் பிரதி எடுத்ததை அன்றுதான் கண்டேன்.

பிறகு உன் மனைவிக்கு இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி சொன்னார்கள். இறந்துவிட்டாய் என்று சொல்லும் சான்றிதழ், அல்லது நீ இல்லை, ஆனால் இறந்ததாகவும் இல்லை என்று சொல்லும் சான்றிதழ். முதலாவதற்குக் காலாவதி கிடையாது. இரண்டாவது சில காலத்துக்குத்தான் செல்லும், முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். மச்சாள் இரண்டாவதைக் கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். காலாவதியாகும்போதெல்லாம் எழுதுகிறேன். ஆகவே இந்தக் கடிதத்தில் உன்னைப் பற்றி எந்த இடத்திலாவது முடிந்துபோன மாதிரி எழுதியிருந்தால், அது என் மொழிக் குறைபாடு. சான்றிதழ்ப்படி நீ தற்காலிகமாகத்தான் இல்லை.

சலூனிலிருந்து வந்த அன்று மாலையே தர்சினி எடுத்தாள். இப்போது கூண்டு இல்லை, நிமிடக் கணக்கு இல்லை, முகம் பார்த்துப் பேசலாம். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. உன் நெற்றி. பாஸ்போட்டும் எடுத்துவிட்டாளாம்.

"மாமா, பேப்பரில போட்டிரிக்காம். உண்மையா?"

"கேட்டிரிக்காங்க. இன்னும் குடுக்கல்ல."

"குடுத்தா முதல் பிளேனில வருவன். அம்மா வரமாட்டா. நான் வருவன்." கொஞ்சம் பொறுத்து, "அப்பா வரைஞ்ச படம் உங்கட்ட இரிக்கா மாமா? நான் ஒருக்காப் பாக்கோணும்" என்றாள்.

இருக்கிறது என்றேன். என்னிடம் இருப்பது வெற்றுத் தாள் ஒன்றுதான். அதைச் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். நீ கடிதத்தை வைத்துக்கொண்ட மாதிரி. எங்கே போனாலும் கொண்டுபோகிறேன். இப்போது யாரும் மறிப்பதில்லை, எனக்குத்தான் மறித்தால் காட்ட ஏதாவது வேண்டும் என்றிருக்கிறது.

நேற்று மேல்மாடிக்குப் போனேன். கடை இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறவருடையது, சொல்லிவிட்டு ஏறினேன். ஜன்னலோரம் இருந்து பார்த்தேன். கோயில் கோபுரத்துக்குப் புது வர்ணம். தென்னந்தோப்பில் பாதி இல்லை. முகாமின் அந்தக் கோபுரம் நிற்கிறது. உச்சியில் ஆள் இல்லை, காகங்கள் இருக்கின்றன. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கல் வரிசைகளை எண்ணினேன். இடையில் தவறி மறுபடி தொடங்கினேன். ஐம்பத்தேழு.

நீ எழுதிய உயரம் சரி. நிரந்தரம் என்று எழுதினாயே, அதுவும் இந்த நிமிடம் வரை சரியாகத்தான் இருக்கிறது. புதிய கொம்பனிக்காரர் பதினேழாவது கேள்விக்கு என்ன வரைவார்களோ தெரியாது. கேட்டால் நான் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை.

தர்சினி வந்திறங்கினால் அவளை அந்த ஜன்னலுக்குக் கூட்டிவந்து எண்ணச் சொல்வேன். உன் தகப்பன் ஓரடியும் பிழைக்கவில்லை என்று காட்டுவேன். அது வரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு, கோபுரத்தை விட்டுவிடுவோமா என்று நீ கேட்டதையும், நான் நிமிராமல் சொன்னதையும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வசனம் தேடுகிறேன். ஊரில் எல்லோருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கை இது. தயவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று தொடங்குகிறேன். யாரிடம், எதை என்று தெரியாமல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

அவள் வர ஒரு மணி இருபது நிமிடம்தான் ஆகும். அனுமதி இன்னும் கொஞ்சக் காலம் சுணங்கட்டும் என்று ஊரிலேயே நான் ஒருவன்தான் காத்திருக்கிறேன்.